ப்ளஸ் 7க்கு லேசர் கிடையாது: என் கண் ஆபரேஷன் அனுபவம்

குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 47. மூன்றாம் வகுப்பிலிருந்து சோடாபுட்டிக் கண்ணாடி. வலது ப்ளஸ் 7, இடது ப்ளஸ் 8.5. பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணாடிக்குள் பெரிதாகத் தெரிந்த என் கண்ணையே பார்த்துவிட்டுப் போனது இன்னும் நினைவிருக்கிறது.

ப்ளஸ் பவரைத் தூரப்பார்வை என்பார்கள். அதற்காகத் தூரம் நன்றாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். இவ்வளவு பவருக்குக் கண்ணாடியைக் கழற்றினால் தூரமும் மங்கல், கிட்டவும் மங்கல். நாற்பதுக்கு அப்புறம் கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

ஓரிடத்தில் லேசரிலேயே சரியாகிவிடும் என்று முன்பணம் கேட்டார்கள். மனசு ஒப்பவில்லை. பஸ் ஏறி வேலூர் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "உங்க கண்ணோட நீளமே கம்மிம்மா. மத்தவங்களுக்கு 23, 24 மில்லிமீட்டர். உங்களுக்கு 21கூட இல்லை. ஒரு மில்லிமீட்டர் குறைஞ்சா சுமார் 3 பவர் ஏறும்."

ப்ளஸ் பவருக்கு லேசர் கருவிழியின் ஓரத்தைச் செதுக்கி நடுவை மேடாக்க வேண்டுமாம். ப்ளஸ் 4 வரை பரவாயில்லை. அதற்கு மேல் தெளிவு குறையும், பவரும் மெல்லத் திரும்பும். "சொந்த லென்ஸை எடுக்காம, அதுக்கு முன்னாடி உள்ளே வைக்கிற ஐசிஎல் லென்ஸ்?" என்று கேட்டேன். அதற்குக் கண்ணின் முன்பக்கத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும், எனக்கு 2.4தான்.

மிஞ்சியது, புரை ஆபரேஷன் மாதிரியே சொந்த லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பது. இருபது வயதில் செய்தால் கிட்டத்தில் பார்க்கும் சக்தி வீணாகப் போகும். எனக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. இப்படிச் சின்னக் கண்ணில் வயது ஏற ஏற லென்ஸ் தடித்து, உள்நீர் வடியும் வழியை அடைத்து அழுத்தம் ஏறலாம், எடுத்துவிட்டால் அந்த ஆபத்தும் குறையும் என்றார். அதைக் கேட்டதும் சரி என்றேன். பலருக்கு 21, 22 பவரில் வைக்கும் லென்ஸ் எனக்கு 32, 34, சொல்லி வரவழைத்தார்கள்.

வலது கண்ணுக்குக் கட்டுப் பிரித்த காலையில், எதிர் பெஞ்சில் இருந்த பாட்டியின் மூக்குத்தியில் ஏழு கல் என்று எண்ணினேன். கண்ணாடி இல்லாமல்!

இடது கண் அப்படி வரவில்லை. அது சோம்பேறிக் கண். சின்ன வயதில் கண்ணாடி தாமதமாகப் போட்டதால் மூளை அந்தக் கண்ணைப் பழகவேயில்லை. ஆபரேஷன் பவரை மாற்றும், அதை மாற்றாது. நான்காவது வரிக்குக் கீழே எழுத்து பிடிபடவில்லை. முன்பே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் அன்று அழுதேன்.

தைக்கும்போது மட்டும் ப்ளஸ் 2.5 கண்ணாடி போடுகிறேன். தங்கை மகளுக்கு 4 வயது. அடுத்த வாரமே அவளைக் கூட்டிப்போய்க் கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தோம். ப்ளஸ் 5. இப்போது சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பால்வாடிக்குப் போகிறாள்.