ஷிட்ஸு நாய்க்கு முடி முழுக்க சிக்கு, மொட்டை அடிச்சுடலாமா?

காவிரிக்கரை (திருச்சி):
எங்க பப்புவுக்கு 11 மாசம் ஆகுது. ஷிட்ஸு, ஆண், 5 கிலோ. போன மாசம் வரைக்கும் பட்டு மாதிரி இருந்த முடி இப்போ காதுக்குப் பின்னாடியும் முன்னங்கால் அக்குள்லயும் கம்பளியா திரிஞ்சு கிடக்கு. தினமும் பிரஷ் போடுறேன். ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டுறேன், குளிச்சா இன்னும் மோசமாகுது. மாமியார் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னாங்க. தடவினேன், சோபாவெல்லாம் எண்ணெய், நாய் மேல தெரு மண்ணு. முடி வெட்டுற கடையில "வெயில் காலம்தானே, மொத்தமா மழிச்சுடலாம்"ங்கறாங்க. என்ன செய்யட்டும்?

வைகை அக்கா (மதுரை):
எங்க வீட்ல ஒரு ஒன்பது வயசுக் கெழவி இருக்கா, அவளை வெச்சுச் சொல்றேன்மா. பத்துப் பன்னெண்டு மாசத்துல குட்டி முடி மாறிப் பெரிய முடி வரும். உதிர்ற முடி தரையில விழாம உள்ளயே மாட்டிக்கிட்டு சிக்காகும். ரெண்டு மூணு மாசம் இந்தக் கூத்துதான்.

பிரஷ் போடுறது பொய்யில்ல, ஆனா அது மேல்முடியில வழுக்கிட்டுப் போயிடும். மேல வழவழன்னு இருக்கும், அடியில கம்பளி. இரும்புச் சீப்பு வாங்குங்க. மடியில சாய்ச்சுப் படுக்க வெச்சு, முடியை இடது கையால மேல தூக்குங்க, வகிடு எடுத்த மாதிரி தோல் கோடா தெரியணும். அந்தக் கோட்டுல ஒரு வரிசை முடியை மட்டும் இறக்கிச் சீவுங்க. அடியில இருந்து நுனி வரைக்கும் சீப்பு தடங்கலில்லாம வந்தா அடுத்த வரிசை.

சிக்கு வந்தா அதுக்கும் தோலுக்கும் நடுவுல முடியை ரெண்டு விரலால இறுக்கிப் பிடிங்க, இழுக்குற வலி தோலுக்குப் போகாது. ஒரு சிட்டிகை சோள மாவு தேய்ச்சு, நுனியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா பிரிங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் தண்ணி. சிக்கோட நனைஞ்சா காயும்போது இறுகிடும், உங்க ஞாயிற்றுக்கிழமை கதை அதுதான்.

கத்தரிக்கோல் மட்டும் வேணாம். ஒரு தடவை நான் அவசரப்பட்டு அக்குள்ல வெச்சேன். சிக்கோட தோலும் சேர்ந்து எழும்பியிருக்கு, தெரியல. மூணு தையல். இன்னிக்கும் நான் துணி வெட்டினா கட்டிலுக்கு அடியில போயிடுவா.

வெயிலுக்காக மழிக்காதீங்க. தோல் தெரிய மழிச்சா வெயில் நேரா தோல்ல படும். நாய் மூச்சு வாங்கித்தான் சூட்டை இறக்கும், சப்பை மூக்குக்கு அதுவே பாடு. மொட்டை அடிச்சா மூக்கு நீளமாகிடுமா? காலையில ஆறரைக்குள்ள நடத்திட்டு வந்துடுங்க.

ஆமா, ஹார்னஸ், அதான் நெஞ்சைச் சுத்தி மாட்டுற வார், நாள் முழுக்க போட்டே வெச்சிருக்கீங்களா?

கொங்கு நாட்டான் (ஈரோடு):
அக்கா சொல்ற சீப்பு வேலைக்கு எனக்கு நேரமில்லீங்க. ரெண்டு வருசமா ஒரு இஞ்ச் விட்டுக் கட்டையா வெட்டிட்டு வர்றேன், நிம்மதியா இருக்கு. மழிக்கறது வேற, இது வேற. பாதத்துக்கு அடியில முளைக்கிற முடியையும் எடுக்கச் சொல்லுங்க, மொசைக் தரையில வழுக்கி விழுதுங்க. குளிப்பாட்டுனா துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க, அடிமுடி வரைக்கும் காயணும். நம்ம ஷாம்பூ ஆகாது, நாய்க்குன்னு விக்கிறதுதான்.

சீவுறப்ப காதுமடல், கால்விரல் இடுக்குல உண்ணி பாருங்க. நாய் சோர்ந்து, சாப்பிடாம, ஈறு வெளுத்திருந்தா டாக்டர்கிட்ட ரத்தம் எடுத்துப் பாக்கணும். எங்களுது அப்படித்தான் உண்ணிக் காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சான்.

காவிரிக்கரை:
அக்கா, ஹார்னஸ் விஷயம் எப்படிக் கண்டுபிடிச்சீங்க! வாங்கினதுல இருந்து கழட்டவே இல்ல. கழட்டிப் பாத்தா வார் உரசுற இடத்துலதான் அத்தனை சிக்கும். இப்போ நடக்கப் போறப்ப மட்டும் மாட்டுறேன். ரெண்டு நாள், தினம் முக்கால் மணி நேரம் உக்காந்தேன். அக்குள் சரியாயிடுச்சு. இடது காதுக்குப் பின்னாடி புளியங்கொட்டை அளவுல ஒண்ணு தோலோட ஒட்டிக் கிடக்கு, சீப்பு நுழையல. அதை மட்டும் கடையில மெஷின் போட்டு எடுக்கச் சொல்லி, மத்த இடம் ஒரு இஞ்ச்னு பேசியிருக்கேன். சீப்பைப் பாத்தாலே உறுமுறான், அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

வைகை அக்கா:
வேகவெச்ச கேரட் துண்டு. ஒரு வரிசைக்கு ஒண்ணு. உறுமினா நிறுத்திட்டு சாயங்காலம் பாத்துக்கோங்க.