பழைய பிரிட்ஜ்போர்ட் மில்லிங் மெசினுக்கு வெளிநாட்டுச் சாமான்: யாராவது எடுத்த அனுபவம் உண்டா?

உப்புவெளிப் பட்டறை:

திருகோணமலையில் சின்ன லேத் பட்டறை நடத்துகிறேன். கொட்பே பக்கத்துப் பலநாள் படகுகளுக்குப் புரொப்பெல்லர் தண்டு கடைவதும், அதில் கீவே (புரொப்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சாவிக்கட்டை உட்காரும் பள்ளம்) வெட்டுவதும்தான் முக்கால்வாசி வேலை. மில்லிங் மெசின் அப்பா காலத்தில் வாங்கியது. பெயர்ப்பலகையில் அட்கொக் சிப்லி, லெஸ்டர், இங்கிலாந்து என்று இருக்கிறது. தலையில் பிரிட்ஜ்போர்ட். முன்னால் உள்ள சில்லைச் சுற்றி வேகம் மாற்றும் வேரிஸ்பீட் தலை.

இப்போது இரண்டு வருத்தம். மெதுவாக ஓடவிட்டால் தலை கடகடவென்று அடிக்கிறது. மற்றது, குறுக்குக் கைப்பிடி கால் சுற்று வெறுமனே சுற்றிய பிறகுதான் மேசை அசைகிறது. கீவே ஒரு பக்கம் அகன்று போய், சாவி ஆடுகிறது. படகுக்காரர் பார்த்தவுடனே கண்டுபிடித்து விடுகிறார்.

கொழும்பில் ஒருவர் மேசையை நகர்த்தும் ஸ்குரூவும் நட்டும் செட்டாக எடுத்துத் தருவதாகச் சொன்னார். அவர் சொன்ன விலைக்கு இந்த மெசினையே விற்க முடியாது. இணையத்தில் அமெரிக்கக் கடைகளிலும் தாய்வான் கடைகளிலும் சாமான் கிடக்கிறது, ஆனால் லெஸ்டர் மெசினுக்குப் பொருந்துமா? சுங்கத்தில் என்ன வரும்? காசு எப்படி அனுப்புவது?

பஞ்சிகாவத்தை:

பேரிங்குக்கு மட்டும் வெளிநாடு போகாதீர்கள். கழற்றி, வளையத்தில் அடித்திருக்கும் எண்ணை எழுதிக்கொண்டு கொழும்புக்கு வந்தால் கடையில் கிடைக்கும். ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) என்றால் துல்லிய வகை வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள், மலிவானதைக் கட்டித் தந்துவிடுவார்கள். பெல்ட்டுக்கும் முதுகில் எண் இருக்கும். மற்றது எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை.

கொட்டியாரம்:

தம்பி, ஓடர் போட முதல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) எடுங்கள். கால் சுற்று என்றால் ஒன்றேகால் மில்லிமீற்றர், அது முழுக்க நட்டுத் தேய்ந்தது என்று யார் சொன்னது? முதலில் கைப்பிடியைச் சுற்றாமல் முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். ஆட்டம் அங்கே தெரிந்தால் கைப்பிடிப் பக்கத்து பேரிங்கும் அதை இறுக்கும் நட்டும்தான் காரணம். ஸ்பானரோடு முடிகிற வேலை.

அது சரியென்றால் வெறுஞ்சுற்றை நடுவிலும் இரண்டு கோடியிலும் அளந்து பாருங்கள். நாம் எல்லாரும் நடுவில்தான் வேலை செய்கிறோம், ஸ்குரூவும் அங்கேதான் தேயும். நடுவில் ஆட்டம் அதிகம், கோடியில் குறைவு என்றால் புது நட்டு மட்டும் வாங்கிப் பயனில்லை. நடுவுக்கு இறுக்கினால் கோடியில் சிக்கிக்கொள்ளும். எல்லா இடமும் ஒரே அளவு என்றால் நட்டு. பிரிட்ஜ்போர்ட் நட்டில் பாதி வரை ஒரு வெட்டு இருக்கும், திருகாணியால் நெருக்கிக் கொஞ்ச ஆட்டத்தை எடுக்கலாம். அதற்கு மேல்தான் புதிது.

அடுத்தது, உங்கள் மெசின் அங்குலமா மெற்றிக்கா? கைப்பிடி வளையத்தில் ஒரு சுற்றுக்கு 200 கோடு இருந்தால் அங்குலம், ஒரு சுற்றுக்கு 5.08 மில்லிமீற்றர். மெற்றிக்கில் சரியாக 5. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஐந்து புரிக்குள் 0.4 மில்லிமீற்றர் பிசகும், பாதியிலே இறுகிவிடும். லெஸ்டர் மெசின் இரண்டு வகையிலும் வந்திருக்கிறது, ஆகவே விற்பவருக்கு வளையத்தின் படம், பெயர்ப்பலகை, தலையில் உள்ள எண், நட்டின் மேல் வேர்னியர் வைத்த படம் நான்கையும் அனுப்பிவிட்டு விலை கேளுங்கள். தலைக்குத் தனி எண் உண்டு. பழைய மெசினில் ஒன்றின் தலை இன்னொன்றின் உடலில் இருப்பது புதினமில்லை.

கடகட சத்தம் பெரும்பாலும் மோட்டர் புலியில் (பெல்ட் ஓடும் சக்கரம்) நகரும் தட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் புஷ் (உள்வளையம்) தேய்ந்தது. அதை வெளியில் இருந்து எடுங்கள். கைக்குள் அடங்கும், பார்சல் செலவு பெரிதில்லை. நைலோனில் இங்கே கடைந்து போடலாம் என்பார்கள். நைலோன் ஈரம் குடித்து வீங்கும், நம்முடைய ஊர்க் காற்றுக்கு எனக்கு நம்பிக்கை இல்லை. மோட்டரைக் கழற்றும்போது பெல்ட்டையும் மாற்றிவிடுங்கள், இரண்டாம் தரம் தூக்க மனம் வராது. வேகத்தை ஓடும்போது மட்டும் மாற்ற வேண்டும் என்று வேலையாட்களுக்கும் சொல்லுங்கள்.

நட்டு நீங்களே கடையலாம். பொஸ்பர் வெண்கலம் வாங்குங்கள், உடைந்த புரொப்பெல்லரை உருக்காதீர்கள். அது பலத்துக்கான உலோகம், உராய்வுக்கானது இல்லை. அங்குல ஸ்குரூ என்றால் புரியின் கோணம் 29 பாகை, மெற்றிக் என்றால் 30 பாகை. அதே ஸ்குரூவை வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடையலாம்.

சுங்கத்துக்கு: மில்லிங் மெசினின் பாகம் சுங்க வரிப் பட்டியலில் 8466 தலைப்பில் வரும், பேரிங் 8482, பல்சக்கரம் 8483. எதில் போடுகிறார்களோ அதற்கேற்ப வரி மாறும், மேலே 18 வீத வற் தனி. பில்லில் 'மெசின்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள், 'மில்லிங் மெசினுக்கான பிளாஸ்டிக் புஷ்' என்று விபரமாகக் கேளுங்கள். விலையைக் குறைத்து எழுதித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம், பிடித்து வைத்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். காசு கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் வங்கியிடம் போகலாம். பெரிய தொகைக்கு வங்கி ரீரீ (வங்கியில் இருந்து வங்கிக்குப் பணம் அனுப்புவது).

லண்டனில் உறவுக்காரர் இருந்தால், ஸ்குரூ மாதிரிப் பாரமானதை அங்கே வாங்கி, கடல்வழிப் பெட்டி அனுப்புகிறவர்களிடம் கொடுக்கலாம். பிவிசி குழாய்க்குள் போட்டு இரண்டு பக்கமும் மூடச் சொல்லுங்கள். வளைந்து வந்தால் அது இரும்புத் துண்டுதான்.

உப்புவெளிப் பட்டறை:

மிக்க நன்றி ஐயா. வளையத்தில் 200 கோடு, அங்குலம்தான். கைப்பிடிப் பக்கம் நட்டு இளகி இருந்தது, இறுக்கியதில் ஆட்டம் பாதியாகிவிட்டது. மிச்சத்தில் நடுவுக்கும் கோடிக்கும் வித்தியாசம் பெரிதில்லை. அப்போ ஸ்குரூ தப்பியது போல. புஷ்ஷுக்கும் பெல்ட்டுக்கும் இங்கிலாந்துக் கடை ஒன்றுக்குப் படங்களோடு எழுதியிருக்கிறேன். அதுவரை கீவே வேலையைத் திருப்பி அனுப்பவா?

கொட்டியாரம்:

ஏன் திருப்ப வேண்டும்? தண்டை நீளப் பக்கமாகக் கட்டி, குறுக்குப் பக்கத்தைப் பூட்டிவிட்டு, சாவியின் அகலத்தை விடச் சின்னக் கட்டரால் நடுவே வெட்டுங்கள். பிறகு பூட்டைத் திறந்து, எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றி வந்து நின்று, மறுபடி பூட்டி ஒவ்வொரு சுவராக எடுங்கள். நேரம் பிடிக்கும், சாவி ஆடாது. வெண்கலம் வாங்கும்போது நீளம் கொஞ்சம் கூடவே எடுங்கள், முதல் நட்டு பழகுவதற்கு.