உதவி: கன்ட்ரோல் எலிக்கும் கார்ட்டிகோஸ்டீரோன் (ஸ்ட்ரெஸ் ஹார்மோன்) ஏறுது, ஏன்?

வெள்ளெலி_27: அவசரம் ப்ளீஸ். எலி மூளையில, ஹைப்போதலாமஸோட பிவிஎன் பகுதியில இருக்கிற, ஸ்ட்ரெஸ் ஹார்மோனைக் கிளப்பி விடற சிஆர்எச் நியூரான்ல ட்ரெட் ரிசப்டர் (சிஎன்ஓ மருந்து பட்டா நியூரானைத் தூண்டற செயற்கை ஏற்பி) போட்டிருக்கேன், சிஎன்ஓ ஊசி போட்டா கார்ட்டிகோஸ்டீரோன் ஏறுது சரி, ஆனா ரிசப்டர் இல்லாம வெறும் எம்செர்ரி (சிவப்பா ஒளிர்ற புரதம்) போட்ட கன்ட்ரோலுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறுது, மூணு பேட்ச் போச்சு, வியாழக்கிழமை லேப் மீட்டிங்.

கயல்: எத்தனை மணிக்கு ரத்தம் எடுக்கறீங்க? மருந்துக்குப் பதிலா சலைன் (வெறும் உப்புத் தண்ணி) ஊசி போட்ட குரூப் இருக்கா? எலியைக் கூண்டுலேர்ந்து எப்படித் தூக்குவீங்க? ஒண்ணுமே சொல்லலையே.

நரம்பன்: சிஎன்ஓதான் வில்லன். உடம்புக்குள்ள அது க்ளோஸாபைன்ங்கிற மனநோய் மருந்தா மாறுதுன்னு 2017லயே காட்டிட்டாங்க. டோஸைக் குறைங்க.

பழைய_கை: தம்பி, மருந்தைக் குறை சொல்றதுக்கு முன்னாடி அடிப்படையைப் படிங்க. ஊசி குத்தறதே எலிக்கு ஸ்ட்ரெஸ், அரை மணி நேரத்துல ஹார்மோன் ஏறி நிக்கும். அடிமட்ட அளவு வேணும்னா கூண்டைத் தொட்டதுலேர்ந்து மூணு நிமிஷத்துக்குள்ள ரத்தம் எடுத்தாகணும். இதெல்லாம் முதல் வருஷப் பாடம்.

மேகலா: ஊசி போடறது ஆணா பெண்ணா? 2014ல மாண்ட்ரியல்ல ஆண் போட்டிருந்த டீ-ஷர்ட்டைப் பக்கத்துல வெச்சதுக்கே எலிக்கு ஸ்ட்ரெஸ் வந்துச்சு.

நரம்பன்: அது வலி பத்தின ஆய்வுங்க, இங்க எதுக்கு?

மேகலா: அதுலயே கார்ட்டிகோஸ்டீரோனும் அளந்தாங்க, முழுசாப் படிச்சுட்டுப் பேசுங்க.

பழைய_கை: அப்படிப் பார்த்தா பாதி லேபை மூடணும்.

மேகலா: மூட வேணாம், யார் ஊசி போட்டாங்கன்னு நோட்டுல எழுதுங்க, அவ்ளோதான்.

கயல்: சண்டை போதும். ஹார்மோனை மட்டும் நம்பாதீங்க, கேமரா வைங்க. கனடாவுல கால்கரியில இதே நியூரான்களை ஒளியால தூண்டினப்ப எலி தன்னைத்தானே நக்கிச் சுத்தம் பண்றது கூடுச்சு. ரெண்டு முன்னங்காலாலயும் மூக்குலேர்ந்து காதுவரைக்கும் தேய்க்கும், அப்புறம் வயிறு, வால். ட்ரெட் எலியில அது கூடி கன்ட்ரோல்ல கூடலைன்னா உங்க நியூரான் வேலை செய்யுது, கெடுக்கிறது கையாளற விதம்தான்.

வெள்ளெலி_27: சாயங்காலம் 5 மணி, லைட் 6க்கு அணையும். வாலைப் பிடிச்சுத்தான் தூக்குவேன். சலைன் குரூப் வைக்கல.

கயல்: ஐயோ, இருட்டறதுக்கு முன்னாடிதான் அந்த ஹார்மோன் தானாவே உச்சத்துல இருக்கும்! காலையில லைட் வந்த பிறகு எடுங்க. வாலைத் தொடாதீங்க, குழாய்க்குள்ள ஏறவிட்டுத் தூக்குங்க. ஒரு வாரம் தினமும் சலைன் ஊசி போட்டுப் பழக்குங்க, சலைன் குரூப்பும் வைங்க.

வெள்ளெலி_27 (மூணு வாரம் கழிச்சு): குழாய், காலை நேரம், ஒரு வாரப் பழக்கம், எல்லாம் பண்ணேன். கன்ட்ரோல் இறங்கிடுச்சு, ட்ரெட் எலி மட்டும் ஏறுது. கயல் அக்கா, ரொம்ப நன்றி.