எடிட்டிங் கணினிக்கு இன்டெலா, ஏஎம்டியா? யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வீடியோ எடிட்டிங்குக்காக ஒரு டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யப் போகிறேன். எல்லாம் முடிவாகிவிட்டது, ப்ராசசரைத் தவிர.

என் கேமரா எடுப்பது 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (நிற விவரம் அதிகமுள்ள, நன்கு சுருக்கப்பட்ட வீடியோ வடிவம்). இன்டெலின் குவிக் சிங்க் (வீடியோவைக் கையாள சிப்பிலேயே உள்ள தனிப் பகுதி) இருந்தால் டைம்லைன் திக்காமல் ஓடும். ஆனால் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை சிப்களில் வோல்டேஜ் எகிறி, நாளடைவில் சிப்பே கெட்டுப்போன கதை தெரியும்தானே? 2024இல் மைக்ரோகோட் (சிப்பின் உள் கட்டளைத் தொகுப்பு) அப்டேட் தந்தார்கள், வாரண்டியையும் 2 ஆண்டுகள் நீட்டித்தார்கள். ஏற்கெனவே அடிவாங்கிய சிப்பை அந்த அப்டேட் மீட்காது என்பதுதான் உறுத்துகிறது. ஆகவே செகண்ட் ஹேண்ட் பக்கமே போகமாட்டேன்.

அப்புறம் நேர்மை விஷயம். சந்தையில் தன்னை ஒடுக்கியதாக ஏஎம்டி போட்ட வழக்கை, 2009இல் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் முடித்துக்கொண்டது. சரி, ஏஎம்டி மட்டும் உத்தமமா? புல்டோசர் என்ற பழைய சிப்பில் கோர்களின் (தனித்தனியாக வேலைசெய்யும் பகுதிகள்) எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னதாகப் போடப்பட்ட வழக்கில் அவர்களும் 1.21 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். நாம் உள்ளே எட்டிப்பார்க்க முடியாத குட்டி ப்ராசசர் ஒன்று, ப்ராசசரிலோ அதனோடு வரும் சிப்செட்டிலோ, இருவர் தயாரிப்பிலும் உட்கார்ந்திருக்கிறது. அதில் இருவரும் ஒன்றுதான்.

மனம் ஏஎம்டியின் ரைசன் பக்கம் சாய்கிறது. ரைசன் 9000இல் 4:2:2 ஃபுட்டேஜ் எடிட் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ப்ராக்ஸி (எடிட்டிங்குக்காக எடுக்கும் தரம் குறைந்த நகல்) இல்லாமல் சமாளிக்க முடிகிறதா? இன்டெலின் கோர் அல்ட்ரா 200 வைத்திருப்பவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.