பழ ஜவ்வரிசி குளிர வச்சா கல்லு மாதிரி ஆகுது, பாலும் கசக்குது: ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு, உதவி பண்ணுங்க

உறையூர் அடுப்படி

எல்லாருக்கும் வணக்கம். வர்ற ஞாயிறு என் நாத்தனாருக்கு வீட்டிலேயே வளைகாப்பு. முப்பது பேர் வருவாங்க. வெயில் இப்படி கொளுத்துறதால, சாப்பாட்டுக்கு அப்புறம் சூடா பாயசம் வேண்டாம், பழம் போட்ட ஜவ்வரிசியைக் குளிரக் குளிரக் கொடுக்கலாம்னு ஆசைப்பட்டேன். ரெண்டு தடவை செஞ்சு பாத்தாச்சு. ரெண்டும் கெட்டுப்போச்சு.

முதல் தடவை வெள்ளையா மாவு மாதிரி இருக்குற ஜவ்வரிசியை கிச்சடிக்கு ஊற வைக்கிற மாதிரி ரெண்டு மணி நேரம் ஊறப் போட்டு, பாலோட சேர்த்து அடுப்புல வச்சேன். பத்தே நிமிஷத்துல மொத்தமும் கரைஞ்சு கூழாயிருச்சு. ஒரு முத்து கூட மிஞ்சல.

ரெண்டாவது தடவை நைலான் ஜவ்வரிசி வாங்கினேன். தனியா வேக வச்சேன், கண்ணாடி மாதிரி அழகா வந்துச்சு. கஸ்டர்ட் காய்ச்சி, ஆற வச்சு, மாம்பழம், பப்பாளி, ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் நறுக்கிப் போட்டு ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வச்சேன். காலையில திறந்து பாத்தா ஜவ்வரிசி ஒவ்வொண்ணுக்குள்ளயும் வெள்ளைப் பொட்டு. கடிச்சா நறநறன்னு இருக்கு. கெட்டியா காய்ச்சின கஸ்டர்ட் மோர் மாதிரி ஓடுது. அதோட ஒரு கசப்பு வேற, நாக்கோட அடியில தங்குற கசப்பு. பால் புதுசு, திரியவும் இல்ல. எங்க தப்பு பண்றேன்?

சேலத்துக்காரி

தங்கச்சி, எங்க ஊர்ச் சரக்கைப் பத்தி கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கடையில ஜவ்வரிசின்னு கேட்டா ரெண்டு சாதி கிடைக்கும். ரெண்டுமே மரவள்ளிக்கிழங்கு மாவுதான். மாவு ஜவ்வரிசி உருட்டி, சூடான தட்டுல லேசா வறுத்து காயவச்சது. உள்ளே இன்னும் பச்சை மாவு இருக்கும். அதனாலதான் தண்ணியை இழுத்து ஊறுது, கிச்சடிக்கும் வடைக்கும் சரியா வருது. நைலான் ஜவ்வரிசியை ஆலையிலேயே ஆவியில வேகவிட்டு காயவைப்பாங்க. மேல் தோல் ஏற்கெனவே வெந்து இறுகியிருக்கிறதால கொதிக்கிற தண்ணியில போட்டாலும் உருண்டை கலையாது. உங்க பதார்த்தத்துக்கு நைலான்தான். முதல் தடவை நீங்க செஞ்சதுல சமையல் குத்தமே இல்ல, சரக்குதான் வேற.

வேக வைக்கிறதுல மூணு விஷயம் சொல்றேன். ஊறப் போடாதீங்க. ஒரு பங்குக்குப் பத்து பங்காவது தண்ணி வையுங்க. தண்ணி தளதளன்னு கொதிக்கும்போது ஒரு கையால தூவிக்கிட்டே இன்னொரு கையால கிளறுங்க, இல்லாட்டி அடியில போய் ஒட்டி ஒரே கட்டியாயிடும். பொடி ரகத்துக்கு 12 நிமிஷம் கொதிச்சதும் ஒரு முத்தை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல நசுக்கிப் பாருங்க. நடுவுல கடுகு அளவு வெள்ளை தெரிஞ்சா போதும், அடுப்பை அணைச்சு மூடி போட்டு பத்து நிமிஷம் விட்டுடுங்க. அந்தச் சூட்டுலயே மிச்சம் வெந்துடும். அந்த வெள்ளை மறையுற வரைக்கும் அடுப்புலயே கொதிக்க விட்டா வெளிப்பக்கம் கரைய ஆரம்பிச்சிடும்.

அப்புறம் வடிகட்டியில கொட்டி குழாயடியில பிடிச்சு, கையால அலசுங்க. முதல்ல கஞ்சி மாதிரி தண்ணி ஓடும். அது தெளிவா ஓடுற வரைக்கும் விடக்கூடாது. அந்த வழவழப்பு போனாதான் முத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது.

மாவுச்சத்து அண்ணன்

உணவுத் தொழில்நுட்பம் படிச்சவன், அதனால அந்த வெள்ளைப் பொட்டுக்குக் காரணம் சொல்றேன். உங்க ஜவ்வரிசி நல்லாத்தான் வெந்திருக்கு. அதைக் கெடுத்தது ஃப்ரிட்ஜ்ல இருந்த ராத்திரி.

வெந்த மாவுச்சத்து தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெத்துன்னு இருக்கும். குளிர்ந்தா அதோட இழைகள் மறுபடி ஒண்ணோட ஒண்ணு நெருங்கி இறுகும், பிடிச்ச தண்ணியை விட்டுடும். ஃப்ரிட்ஜ்ல வச்ச சோறு காலையில விறைச்சிருக்கே, அதே கதைதான். உறையவும் செய்யாம வெதுவெதுப்பும் இல்லாம இருக்குற 4 டிகிரி குளிர்லதான் இது வேகமா நடக்கும். வீட்டு ஃப்ரிட்ஜ் சரியா அந்த அளவுலதான் ஓடுது.

வேக வச்சு அலசின முத்தை சர்க்கரைப் பாகுல போட்டு வையுங்க. ரெண்டு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு சர்க்கரை போட்டு ஒரு கொதி விட்டு ஆற வச்சது போதும். சர்க்கரை இந்த இறுக்கத்தைத் தாமதப்படுத்தும், முத்தும் ஒட்டாது. ஆனா பாகு போட்டா ராத்திரி முழுக்கத் தாங்கும்னு நினைச்சுடாதீங்க. காலையில வேக வச்சு மத்தியானம் பரிமாறணும். பால், பழக்கூழ் எல்லாத்தையும் முதல் நாளே நல்லா குளிர வச்சுக்கலாம். ஜவ்வரிசி மட்டும் அன்னன்னைக்குத்தான். பரிமாற ஒரு மணி நேரம் இருக்கும்போது ரெண்டையும் சேர்த்தா குளிர்ச்சிக்குக் குளிர்ச்சி, மெத்துக்கு மெத்து.

கசப்புக்குக் காரணம் பப்பாளி. அதுல இருக்குற பப்பெயின்ங்கிற நொதி பால் புரதத்தை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டுகள் கசக்கும். பால் காய்ச்சினதா இருந்தாலும் தப்பிக்க முடியாது, நொதி பழத்துல இருந்துதானே வருது. பச்சை அன்னாசியும் கிவியும் இதே வேலையைச் செய்யும். அன்னாசி வேணும்னே ஆசைன்னா சர்க்கரை போட்டு ஐஞ்சாறு நிமிஷம் கொதிக்க விட்டு ஆற வச்சுச் சேருங்க, சூட்டுல நொதி செத்துடும்.

கஸ்டர்ட் தண்ணியானதுக்கு ஒரு கேள்வி: ருசி பாத்த கரண்டியை மறுபடி பாத்திரத்துக்குள்ள விட்டீங்களா?

உறையூர் அடுப்படி

அண்ணா, ஆமா! சர்க்கரை போதுமான்னு நானும் என் பொண்ணும் மாறி மாறி அதே கரண்டியில ருசி பாத்தோம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

மாவுச்சத்து அண்ணன்

நிச்சயமா இருக்கும்மா. கஸ்டர்ட் பவுடர் பெரும்பாலும் சோளமாவு. நம்ம எச்சில்ல மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கு. ஒரு கரண்டி எச்சில் போனாலும் ராத்திரி பூரா உட்கார்ந்து கெட்டியை உடைச்சிடும். தனி ஸ்பூன்ல ஊத்திப் பாருங்க, அந்த ஸ்பூன் திரும்பப் போகக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு: நறுக்கின பழம் இனிப்புல கிடந்தா தன் சாறை விடும். அதனால பழத்துண்டும் கடைசியிலதான்.

அம்மாச்சி கைப்பக்குவம்

கண்ணு, நொதியெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா வளைகாப்பு வீட்டுல பப்பாளியும் அன்னாசியும் போட்டா வர்ற பெரியவங்க ஒருத்தரும் கை வைக்க மாட்டாங்க, அந்தப் பிள்ளைக்கும் கொடுக்க விட மாட்டாங்க. அந்த ரெண்டையும் விட்டுடு. மாம்பழமே பிரதானமா இருக்கட்டும். இமாம்பசந்த் கிடைச்சா அதுக்கு மேல ஒண்ணுமில்ல, நாரே இருக்காது. பங்கனப்பள்ளியும் நல்லாருக்கும். புளிப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தாலும் பால் திரிஞ்சிடும், அதனால ஒவ்வொரு பழத்தையும் வாயில போட்டுப் பாத்துட்டு அரை. பால் சூடா இருக்கையில மாம்பழக் கூழை ஊத்தவே ஊத்தாதே, ரெண்டும் சில்லுன்னு ஆன பிறகு கல. மேல தூவ மாதுளை முத்து, விதையில்லாத திராட்சை. வாழைப்பழம் கறுத்துப் போகும், தர்பூசணி தண்ணி விடும்.

யாழ்ப்பாணத்துத் தங்கை

அக்கா, நாங்கள் இதைச் சவ்வரிசி எண்டுதான் சொல்லுறது. எங்கட வீட்டில பாலுக்குப் பதிலாத் தேங்காய்ப்பால் விடுவம், மாம்பழத்தோட அது நல்லாச் சேரும். ஒரு கவனம்: கெட்டித் தேங்காய்ப்பாலைக் குளிரில வைச்சா கொழுப்பு உறைஞ்சு மேல திப்பி திப்பியா நிக்கும். முதற்பாலையும் ரெண்டாம் பாலையும் கலந்து, மாம்பழக் கூழோட ஒருக்கா அடிச்சு வைச்சா அந்தப் பிரச்சினை குறைவு. ஒரு சிட்டிகை உப்புப் போட மறக்காதேங்கோ, இனிப்பு அப்பதான் எழும்பும்.

சிங்கை வாசி

இங்க உணவகங்கள்ல இது ரொம்பப் பிரபலம்: மாம்பழக் கூழ், தேங்காய்ப்பால், ஜவ்வரிசி, மேல உதிர்த்த பம்பளிமாசு சுளை. ஹாங்காங்கைச் சேர்ந்த ஒரு உணவகம் 1984-ல சிங்கப்பூர்க் கிளையில முதல்ல செஞ்சதா சொல்வாங்க. பம்பளிமாசு கிடைச்சா விடாதீங்க. தோலை உரிச்சு சுளையை உதிர்த்தா முத்து முத்தா வரும், லேசான துவர்ப்பு மாம்பழத் திகட்டலை அடக்கும். பாலோட கலக்காம, பரிமாறும்போது மேல மட்டும் வையுங்க.

சேலத்து அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். அசல் சேகோ ஒரு வகைப் பனையோட தண்டுச் சோற்றுல இருந்து வர்றது. மலேசியாவுல சரவாக் பக்கம் இன்னும் எடுக்கறாங்க. இரண்டாம் உலகப் போர்ல இங்கேருந்து சரக்கு வர்றது நின்னப்பதான் சேலத்துல மரவள்ளிக்கிழங்கை வச்சுப் பெரிய அளவுல செய்ய ஆரம்பிச்சாங்கன்னு படிச்சிருக்கேன்.

சேலத்துக்காரி

ஆமாங்க, இப்போ சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே வந்தாச்சு.

தங்கச்சி, முப்பது பேருக்கு அளவு: ஆளுக்கு ஒரு சின்னக் கிண்ணம்னு வச்சா நைலான் ஜவ்வரிசி 300 கிராம் தாராளம், அது வெந்தா நாலு பங்குக்குக் கிட்ட ஊதும். முழுசையும் ஒரே பாத்திரத்துல போடாம ரெண்டு ஈடா வேக வையுங்க. பால் இரண்டரை லிட்டரைக் காய்ச்சி ரெண்டு லிட்டராக்கி குளிர வையுங்க, மாம்பழம் தோலோட மூணு கிலோ. அதுல ரெண்டு கிலோவை அரைங்க, ஒரு கிலோவைத் துண்டு போடுங்க. கஸ்டர்டே வேண்டாம், மாம்பழக் கூழே கெட்டி கொடுக்கும். சர்க்கரையை மாம்பழத்தைப் பாத்துப் போடுங்க. பெரிய அண்டாவுல ஐஸ் கட்டி கொட்டி அதுக்குள்ள பாத்திரத்தை வச்சுப் பரிமாறுங்க. இந்த வெயில்ல பால் பதார்த்தம் வெளிய ஒரு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது, அதுவும் மாசமா இருக்குற பிள்ளை சாப்பிடப் போறது.

உறையூர் அடுப்படி (ஞாயிறு இரவு)

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுறேன். வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சுது. ஜவ்வரிசி அவ்வளவு நல்லா வந்துச்சு!

காலையில ஒன்பது மணிக்கு வேக வச்சேன். விரல்ல நசுக்கினப்ப கடுகு அளவு வெள்ளை தெரிஞ்சதும் அணைச்சு மூடிட்டேன். திறந்தப்ப ஒரு முத்துல கூட வெள்ளை இல்ல. அலசினது அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. பாகுல போட்டு வச்சு, பதினொன்றரைக்குக் கூழும் பாலும் சேர்த்தேன். இமாம்பசந்த் விலை கட்டுப்படியாகல, பங்கனப்பள்ளிதான். ஒரு பழம் புளிச்சுது, அம்மாச்சி சொன்ன மாதிரி ஒதுக்கிட்டேன். பம்பளிமாசு கிடைக்கல, மாதுளைதான் தூவினேன். உப்பு ஒரு சிட்டிகை போட்டேன், தங்கை சொன்னது உண்மைதான். நாத்தனார் ரெண்டு கிண்ணம் சாப்பிட்டா. மூணு மாசமா இனிப்பைப் பாத்தாலே குமட்டுதுன்னு சொன்னவ.

ஒரே ஒரு சந்தேகம். பாகுல கொஞ்சம் ஜவ்வரிசி மிச்சம், ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டேன். நாளைக்கு அது வீணாத்தான் போகுமா?

மாவுச்சத்து அண்ணன்

வீணாகாதும்மா. காலையில கொதிக்கிற தண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுங்க, இறுகின மாவுச்சத்து சூட்டுல மறுபடி இளகும், வெள்ளைப் பொட்டு மறைஞ்சிடும். ஆனா திரும்பக் குளிர வைக்காதீங்க. வெல்லப்பாகை ஆற வச்சு, ஆறின பாலோட கலந்து பாயசமாக்கிடுங்க. சூட்டோட சேர்த்தா பால் திரிஞ்சிடும்.