எமுலேட்டர்: போன்மியா, வேடப்பொறியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய இயங்குதளங்களை இன்றைய கணினியில் ஓட்டுவதற்கான கையேட்டில் ‘எமுலேட்டர்’ (இன்னொரு கணினியாகவே நடந்துகொள்ளும் மென்பொருள்) வரிக்கு வரி வருகிறது. ஒரு சொல்லை முடிவுசெய்யாமல் மேலே நகர முடியாது. ‘முன்மாதிரி’ என்றால் ப்ரோட்டோடைப் என்றே படிப்பார்கள், தள்ளிவிடலாம். ‘பாவனையாக்கி’ இலங்கையில் இடிக்கும். அங்கே பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். ‘பாவனையாக்கியின் பாவனை’ என்று எழுத வேண்டிவரும். மிஞ்சுவது ‘போன்மி’. சிறிய சொல், வேற்றுமை உருபுகளைச் சிரமமின்றி ஏற்கிறது. ஆட்சேபம் உண்டா?

———

> மிஞ்சுவது ‘போன்மி’.

ஐயா, சொல் அழகுதான். ‘போலும்’ செய்யுளில் ‘போன்ம்’ ஆவதை மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்தவர்களுக்கு உடனே பிடித்துப்போகும். ஆனால் இங்கே பிரிக்க வேண்டியவை மூன்று: சிமுலேட்டர், எமுலேட்டர், மெய்நிகர்ப் பொறி (விர்ச்சுவல் மெஷின்). மூன்றையும் குழப்பினால் கையேட்டைப் பின்பற்றுபவர் நிறுவும்போதே மாட்டிக்கொள்வார்.

விண்டோஸ் 98-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வன்பொருள் உதவியோடு ஓடும் மெய்நிகர்ப் பொறி, ஆணைகளில் பெரும்பாலானவற்றை நேராக உங்கள் செயலியிடமே கொடுத்துவிடுகிறது. விண்டோஸ் 98-இன் பிணைய இயக்கியில் வேகத்தை அளக்கும் சுழல் (லூப்) ஒன்று உண்டு. 2.1 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய செயலியில் அது அளவுக்கு மீறிச் சீக்கிரம் முடிந்து, ‘விண்டோஸ் ப்ரொடெக்‌ஷன் எரர்’ வரும். விண்டோஸ் 95 அதைவிட நோஞ்சான். 350 மெகாஹெர்ட்ஸ் ஏஎம்டி கே6-2 செயலியிலேயே தடுக்கி விழுந்தது. 86பாக்ஸ் என்ற எமுலேட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அது ஒரு பழைய பென்டியத்தை, தாய்ப்பலகை, பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல்) உட்பட, மென்பொருளாலேயே கட்டித் தருகிறது. கடிகார வேகமும் அந்தக் காலத்து வேகம்தான். (பயாஸ் ரோம் (ROM) கோப்புகளைத் தனியாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது தொடங்காது.)

டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய டாஸ் நிரல்கள் ‘ரன்டைம் எரர் 200’ என்று நிற்பதும் இதே கதை. அதன் திரை நிரல்தொகுப்பான சிஆர்டி யூனிட் தொடங்கும்போது, ஒரு கடிகாரத் துடிப்புக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், சுழல் எத்தனை முறை ஓடியது என்று எண்ணி 55-ஆல் வகுக்கிறது. ஈவு 65,535-ஐத் தாண்டினால் 16 பிட்டில் அடங்காது. செயலி அதை வகுத்தல் பிழையாக எழுப்புகிறது. டாஸ் நிரல்களுக்கான எமுலேட்டரான டாஸ்பாக்ஸில் கன்ட்ரோல்-எஃப்11 அழுத்திச் செயலிச் சுழற்சிகளை, அதாவது வேகத்தை, குறைத்தால் சரியாகிவிடும். மெய்நிகர்ப் பொறியில் குறைக்க அப்படி ஒரு பிடி இல்லை.

இலக்கணத்தில் இதற்கு இணை இருக்கிறது. ‘முகம் நிலவு போன்றது’ உவமை, ‘முகநிலவு’ உருவகம். சிமுலேட்டர் வெளியே தெரியும் நடத்தையை ஒத்துக் காட்டுகிறது. எமுலேட்டரோ அந்த நிரலைப் பொறுத்தவரை அந்தப் பொறியேதான். ‘போல்’ உவம உருபு என்பதால் போன்மியைச் சிமுலேட்டருக்கு விட்டுவிடுவோம். எமுலேட்டருக்கு ‘வேடப்பொறி’ என்பது என் முன்மொழிவு. வேடம் கட்டியவர் மேடையில் இருக்கும்வரை அவர்தான் அர்ச்சுனன்.

———

வரலாறு நீங்கள் சொல்வதற்கு முழுதும் ஒத்துவரவில்லை. ‘எமுலேட்டர்’ 1963 வாக்கில் ஐபிஎம்மில் பிறந்த சொல். அந்நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிகளில் பழைய பொறிகளின் நிரல்களை நுண்ணிரலின் (மைக்ரோகோட்) துணையோடு ஓட்டியதற்கு வைத்த பெயர். வெறும் மென்பொருளால் செய்தால் அது சிமுலேட்டர். அந்தக் கணக்கில் இன்றைய எமுலேட்டர்கள் பெரும்பாலும் சிமுலேட்டர்களே. பழைய கணினிகளை ஓட்டிக்காட்ட பாப் சுப்னிக் தொடங்கிய சிம்எச் மென்பொருள் தன்னை இன்றும் அப்படித்தான் அழைத்துக்கொள்கிறது. ஆனாலும் இன்றைய வழக்கைத்தான் பெயர்க்கிறோம், எனவே வேடப்பொறியை எதிர்க்கவில்லை. ‘வேடதாரி’யின் வாடை அடிக்கிறதே என்பதுதான் தயக்கம். ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள்.

———

> ஒரு பத்தி எழுதிக் காட்டுங்கள்.

இதோ, 1975-இன் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு:

“சிம்எச் வேடப்பொறியில் பிடிபி-11 (பழைய சிறுகணினி) வேடத்தைத் தொடங்கவும். ‘செட் சிபியு 11/40’ என்று மாடலைக் குறிக்கவும். 11/45-க்குக் கட்டிய கெர்னல் (இயங்குதளத்தின் உட்கரு) 11/40 வேடத்தில் ஓடாது. இரண்டின் நினைவக மேலாண்மையும் வேறு. ஆர்கே05 வட்டின் படிமத்தை (ஏறக்குறைய 2.5 மெகாபைட்) ஆர்கே0-இல் இணைத்து, அதிலிருந்தே தொடங்கவும். @ குறி வந்ததும் ‘யூனிக்ஸ்’ என்று சிற்றெழுத்தில் அடிக்கவும். தவறாக அடித்த எழுத்தை அழிக்க #, வரி முழுவதையும் அழிக்க @. பேக்ஸ்பேஸைத் தொடாதீர்கள்: இன்றைய முனையங்கள் பலவற்றில் அது டெலீட் எழுத்தை அனுப்பும், ஆறாம் பதிப்புக்கு அது குறுக்கீடு, ஓடும் நிரல் நின்றுவிடும். அடைவு மாற ‘சிடி’ கிடையாது, ‘சிஎச்டிஐஆர்’தான். முடிக்கும்போது ‘சிங்க்’ கொடுத்து, பிறகு கன்ட்ரோல்-ஈ அழுத்தி வேடத்தைக் கலைக்கவும். சிங்க் இல்லாமல் கலைத்தால் நினைவகத்தில் தங்கிய தொகுதிகள் வட்டில் ஏறாமல் கோப்பு முறைமை கெடும்.”

வேடத்தைத் தொடங்கு, வேடத்தில் ஓடு, வேடத்தைக் கலை என்று வினைகள் தானாக வந்து விழுகின்றன. போன்மியில் வினைக்கு எங்கே போவது? ‘போன்மிக்க’ என்றா?

———

வாடை போய்விட்டது. வேடப்பொறி என்பது நிரல், வேடம் என்பது அது ஏற்கும் பொறி என்று சொற்பட்டியலில் பிரித்துப் போடுங்கள். சிம்எச் ஒன்றே பிடிபி, வாக்ஸ் என்று பல வேடம் கட்டும். சிமுலேட்டருக்குப் போன்மி இருக்கட்டும்.

ஒரு திருத்தம்: கன்ட்ரோல்-ஈ வேடத்தைக் கலைப்பதில்லை, நிறுத்தி மட்டும் வைக்கிறது. ‘கன்ட்’ என்று அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கலைப்பது ‘க்விட்’. ‘செட் சிபியு ஐடில்’ வரியையும் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிடிபி சும்மா இருக்கும்போதும் மடிக்கணினியின் ஒரு கரு முழு மூச்சாக ஓடி, விசிறி இரைந்துகொண்டே இருக்கும்.