4294967297: 2 வைத்தால் பகா எண், 3 வைத்தால் இல்லையா?

கேள்வி:
4294967297, அதாவது 2^32 + 1, பகா எண்ணா என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 100 வரை எந்தப் பகா எண்ணாலும் வகுபடவில்லை. அப்புறம் ஃபெர்மா சோதனை போட்டேன் (p பகா எண் என்றால், pஆல் வகுபடாத எந்த எண்ணையும் p-1 அடுக்குக்கு ஏற்றி pஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும்), 2^4294967296ஐ இந்த எண்ணால் வகுத்தால் மீதி சரியாக 1. ஆனால் 2க்குப் பதில் 3 வைத்தால் மீதி 1 வரவில்லை. எதை நம்புவது?

பதில் 1:
3ஐ நம்புங்கள். பகா எண்ணாக இருந்தால் 3க்கும் 1 வந்தே ஆக வேண்டும், வரவில்லை என்றால் அது பகு எண்தான், வேறு வழியே இல்லை. 1 வந்துவிட்டது என்பதால் மட்டும் பகா எண் என்று சொல்ல முடியாது. அதிலும் இந்த எண்ணை 2 வைத்துச் சோதிப்பது வீண். 2^32 இதைவிட 1 குறைவு, ஆகவே மீதியை -1 என்று வைத்துக்கொள்ளலாம். அதை வர்க்கப்படுத்தினால் 2^64க்கு மீதி 1, நீங்கள் போட்ட அடுக்கோ 64இன் மடங்கு, அப்புறம் 1 வராமல் என்ன வரும்! ஃபெர்மாவே இதே வடிவில் வரும் 2^1 + 1, 2^2 + 1, 2^4 + 1, 2^8 + 1, 2^16 + 1, அதாவது 3, 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்களாக இருப்பதைப் பார்த்து இதுவும் அப்படித்தான் என்று நம்பினார்.

பதில் 2:
1732இல் கணிதவியலாளர் ஆய்லர் இந்த எண்ணை உடைத்துவிட்டார்: 641 × 6700417. இதன் பகாக் காரணி எதுவானாலும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரும் என்று பிறகு அவரே நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அடுத்தது 641, அதாவது ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடும்.

பெரிய வகுத்தலே இல்லாமலும் காட்டலாம், எனக்கு மிகவும் பிடித்த நிறுவல் இது. 641 = 5×2^7 + 1, ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5×2^7க்கு மீதி -1. நான்காம் அடுக்குக்கு ஏற்றினால் 5^4×2^28க்கு மீதி 1. ஆனால் 641 = 5^4 + 2^4 என்பதும் உண்மை, ஆகவே 5^4 இருக்கும் இடத்தில் -2^4 போடலாம். 2^32க்கு மீதி -1 என்று வந்துவிடும், 1 கூட்டினால் 0.

கேட்டவர்:
தாளில் போட்டுப் பார்த்தேன், அருமை, மிக்க நன்றி. 6700417 இன்னும் உடையுமா?

பதில் 1:
உடையாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா இன்னும் இறுக்கிக் காட்டினார், 128ஆல் வகுத்தாலே நம் எண்ணின் பகாக் காரணிக்கு மீதி 1 வர வேண்டும், 6700417இன் காரணியும் நம் எண்ணின் காரணிதானே. 6700417இன் வர்க்கமூலம் சுமார் 2588. அதுவரை அப்படி இருக்கும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. இதில் 257ஐப் பார்க்கவே வேண்டாம், 4294967295 = 3×5×17×257×65537 என்பதால், அதற்கு 2 தள்ளி இருக்கும் நம் எண்ணுக்கு மீதி 2 வரும். மற்ற நான்கையும் வகுத்துப் பாருங்கள், மீதிகள் 44, 120, 334, 622.